கீல் எந்தப் பக்கம், கொண்டி எந்தப் பக்கம்

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். கீழே மரவேலை பற்றி ஏதாவது தப்பு இருந்தால், அது எங்கள் மிஸ்திரியின் தப்பு அல்ல, எனக்குப் புரிந்த லட்சணம்.

ராஞ்சி, சிலிகுரி, போபால் என்று சுற்றிவிட்டு இப்போது வதோதராவில் இருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டைக் கட்டி லாரியில் ஏற்றுகிற குடும்பத்துக்கு வண்டி மேல் வீடு கட்டும் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆசை பையனுடையது. ப்ளஸ் டூ முடித்து அடுத்த வருஷம் எங்கோ ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். "அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு பண்ணணும்ப்பா" என்றான். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன கேம்பிங் டிரெய்லர். இரண்டு பேர் படுக்கலாம், பின்பக்கம் அடுப்பு வைக்கலாம். மகர்புராவில் ஒரு வெல்டர் அடிச்சட்டம் செய்து தந்தார். கீழ்வீட்டுப் பட்டேல் காகா (காகா என்றால் குஜராத்தியில் சித்தப்பா, காக்கையில்லை) தன் காலி மனையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மரைன் ப்ளைவுட் வந்து இறங்கியது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். அந்த ஆர்.டி.ஓ. படலம் தனிக்கதை, இன்னொரு நாள்.

சுவர், கூரை எல்லாம் எழும்பிய பிறகு ராஜஸ்தான் மிஸ்திரி ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சாப், தர்வாஜா கிஸ் தரஃப்?"

பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

இந்த மாதிரி வீட்டில் செய்த டிரெய்லர்களின் பூர்வீகம் அமெரிக்கா. ஃபோர்டு மாடல் டி கார் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்ததும் கூட்டம் கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். 1919-இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் கூடியவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். காரின் முன்னால் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டால் சங்கத்து ஆள் என்று அர்த்தம். ஆரம்பத்தில் இவர்கள் வைத்திருந்ததெல்லாம் கூடாரம்தான். கதவு என்பது ஒரு துணி மடிப்பு. நம் ஊர்க் கூண்டுவண்டிக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டுவோமே, அதே கதை. பூட்டும் கிடையாது, கீலும் கிடையாது. மழை வந்தால் எல்லோரும் சமமாக நனைந்தார்கள்.

அப்படி நனைந்தவர்களில் ஒருவர் ஆர்தர் ஷெர்மன். டெட்ராய்ட்டில் மருந்து கம்பெனி நடத்திய பாக்டீரியா நிபுணர். 1929-இல் மடக்கு கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். சில நிமிஷத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம். விரித்துக் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக் குடும்பமே தொப்பலாகிவிட்டது. ஊர் திரும்பியதும் தச்சரைக் கூப்பிட்டு ஆறடி அகலம், ஒன்பதடி நீளத்தில் கெட்டிச் சுவர் வைத்த பெட்டி ஒன்று செய்யச் சொன்னார். பிள்ளைகள் அதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தார்கள். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். 1936 வாக்கில் அமெரிக்காவின் மிகப்பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையது. சுவர் கெட்டியானால் உள்ளே போக ஒரு வழி வெட்டித்தானே ஆக வேண்டும்? துணியை விலக்கி நுழைகிற காலம் முடிந்து, நிலை, கீல், தாழ்ப்பாள் என்கிற தலைவலிகள் இங்கேதான் தொடங்குகின்றன.

தலைவலி என்ன என்று கேட்பீர்கள். வீட்டுக் கதவுக்கும் வண்டிக் கதவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வீட்டில் சுவர் அசையாது. கதவு தேய்ந்தால் சீவிவிடலாம். ஓடுகிற பெட்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி முழுக்க முறுக்கிக்கொள்கிறது. சுவரில் ஓட்டை போட்டால் அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். சதுர மூலையாக வெட்டினால் மூலையிலிருந்து விரிசல் ஓடும். அதனால்தான் பழைய படங்களில் இந்தக் கதவுகளின் மூலைகள் வளைந்திருக்கின்றன. நான் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

இந்தச் சிக்கலுக்கு அதிரடியான தீர்வு சொன்னவர் ஹாலி பவுலஸ். சாதாரண ஆள் இல்லை. 1927-இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானம் ரயன் கம்பெனியில் தயாரானபோது மேற்பார்வை பார்த்தவர். எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் செய்வதில் மன்னன். 1911-இல் ஆர்வில் ரைட் வைத்திருந்த அமெரிக்கச் சாதனையை 1929-இல் முறியடித்தவர். 1934-இல் அவர் 'ரோடு சீஃப்' என்ற அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். விமான உடம்பு மாதிரியே, தகடும் ரிவெட்டுமாக, வழவழவென்று இருக்கும். கதவு எங்கே என்று தேடினால் பக்கவாட்டில் இல்லை. பின்னாலும் இல்லை. முன்மூக்கில், காரோடு கொக்கி மாட்டுகிற இடத்துக்கு நேர் மேலே!

கிளைடர்காரர் கண்ணில் பார்த்தால் இது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கச் சுவரும் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கின்றன. ஆனால் உள்ளே போகிறவர் கதி? கார் மாட்டியிருக்கும்போது இழுவைக் கம்பியைத் தாண்டி, கொக்கியைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். புடவை கட்டிய தங்கமணியை அந்த இடத்தில் கற்பனை செய்து பார்த்தேன். டிரெய்லர் போகட்டும், சாப்பாடே கிடைக்காது :-)

எண்பது வண்டி சுமாருக்கு மேல் செய்ய முடியாமல் 1936-இல் பவுலஸ் நொடித்துப்போனார். கதவால் நொடித்தார் என்று சொல்ல மாட்டேன். பெருமந்த காலம், விலையும் அதிகம். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு வாலி பியாம் என்பவர் 1936-இல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்று வெளியிட்டார். முக்கியமான மாற்றம், கதவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் வெள்ளி நிறத்தில் ஓடுகிற ஏர்ஸ்ட்ரீம்களுக்குக் கதவு பக்கத்தில்தான்.

பியாம் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவரும் இன்ஜினியர் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் சரித்திரம் படித்தவர், பத்திரிகை நடத்தினவர். வீட்டிலேயே டிரெய்லர் செய்வது எப்படி என்று அவர் பத்திரிகையில் ஒரு வரைபடம் வந்தது. அதை வைத்துச் செய்து பார்த்த வாசகர்கள் சரிவரவில்லை என்று புகார் எழுதினார்கள். நாமாக இருந்தால் ஒரு திருத்தம் போட்டுவிட்டு நகர்ந்திருப்போம். இவர் தானே செய்து பார்க்கக் கிளம்பினார். சமையலறை இல்லாமல் எங்கேயும் வரமாட்டேன் என்று மனைவி மேரியன் சொல்லிவிட்டாராம். (தங்கமணிகள் எல்லா தேசத்திலும் ஒன்றுதான்.) அவர் செய்த பெரிய காரியம், சக்கரங்களுக்கு நடுவில் தரையைத் தாழ்த்திக் கூரையை உயர்த்தியது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தது. தரை தாழ்ந்தால் கதவின் படியும் தாழும். குனிந்து ஊர்ந்து போகிற பொந்து, நடந்து போகிற வாசல் ஆனது அப்படித்தான்.

எங்கள் டிரெய்லர் அந்த ஜாதி இல்லை. நாங்கள் செய்தது அமெரிக்கர்கள் 'டியர்டிராப்' என்று சொல்கிற கண்ணீர்த்துளி வடிவம். 1930-களிலேயே இது வந்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் ஒரே பரபரப்பு. பெட்ரோலுக்கும் டயருக்கும் இருந்த ரேஷன் போய்விட்டது, ராணுவத்தில் மிஞ்சிய சாமான்கள் கழிவு விலைக்கு வந்தன. 1947 செப்டம்பர் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் வந்த டியர்டிராப் வரைபடத்தை வைத்து இன்றைக்கும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வடிவத்தின் ரகசியம் ப்ளைவுட் பலகையின் அளவு. எட்டடிக்கு நாலடி. ஒரு பலகை ஒரு சுவர். அதனால் வண்டியின் நீளம் எட்டடி, உயரம் நாலடி. அவ்வளவுதான், வேறு கணக்கே கிடையாது. ஆனால் ப்ளைவுட் மழை தாங்க வேண்டுமே? 1934-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஹார்பர் ப்ளைவுட் கம்பெனியின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின், தண்ணீரில் விட்டுப்போகாத பசையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் ப்ளைவுட் என்பது வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் பண்டம். வெளிச்சுவராக, வெளிக்கதவாக அதை நம்ப முடிந்தது இந்தப் பசைக்கு அப்புறம்தான்.

அந்த ஒற்றைப் பலகைச் சுவரில் கதவு செய்கிற முறை இருக்கிறதே, அதில் ஒரு சிக்கனம் உண்டு. எங்கள் பிராஞ்சில் பழைய கவரைத் திருப்பி ஒட்டி உபயோகித்த மேனேஜர் ஒருவர் இருந்தார், அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கும். சுவரில் வாசலுக்காக வெட்டியெடுத்த துண்டே கதவு! தனிப் பலகை வேண்டாம். வளைவு தானாகவே பொருந்தும். ரம்பத்தின் தடிமன் அளவுக்குச் சுற்றிலும் இடைவெளி விழுமே என்றால், கதவின் வெளிமுகத்தில் கொஞ்சம் அகலமாக ஒரு பட்டை ஓட்டி, அதன் உள்பக்கம் ரப்பர் பீடிங் வைத்துவிட வேண்டும். மேலே தண்ணீர் வழிந்தோட ஒரு அலுமினியப் பட்டை. மிஸ்திரியிடம் இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மரியாதையை இருபத்திரண்டு வருஷத்தில் எந்த ஆடிட்டர் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

பக்கம் எது என்பதில் நான் அநேகமாகக் கவிழ்ந்திருப்பேன். கிடைத்த வரைபடத்தில் கதவு வலதுபுறம். அப்படியே பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். பையன் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது அமெரிக்கா வண்டி. அங்க ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டுவாங்க" என்றான். அங்கே வலது பக்கம்தான் நடைபாதை. இங்கே அந்தப் பக்கம் இறங்கினால் நேராக லாரி முன்னால் இறங்க வேண்டும். பிரிட்டிஷ் காரவான்களில் கதவு இடதுபுறம்தான் இருக்கும், அவர்களும் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். அழித்துவிட்டு இடதுபுறம் கோடு போட்டோம்.

அடுத்து கீல். வண்டி ஓடும் திசைக்கு முன்விளிம்பில் கீல் இருந்தால், தாழ் தப்பித் திறந்துகொண்டாலும் காற்றே கதவைத் தள்ளி மூடப் பார்க்கும். பின்விளிம்பில் இருந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பழைய கார்களில் பின்கீல் கதவுகள் நிறைய இருந்தன. 'சூசைட் டோர்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. 1953-இல் வந்த ஃபியாட் 1100-103 காரின் முன்கதவுகள் அப்படித்தான். பம்பாய்த் தெருக்களில் 'டுக்கர்' என்று பட்டப்பெயரோடு ஓடிய அந்தக் காரை உங்கள் அப்பாவோ மாமாவோ பார்த்திருப்பார்கள். ஏறி இறங்க சௌகரியம், ஓடும்போது ஆபத்து. நாங்கள் முன்கீல் வைத்தோம்.

ஊரில் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "வாசக்கால் வச்சாச்சாடா? எந்தத் திசை?" என்றார்.

"வண்டிக்கு ஏதுப்பா திசை?"

"அப்ப வெத்தலை பாக்காவது வையி."

தங்கமணி மஞ்சள் தடவி மாவிலையும் கட்டிவிட்டாள்.

கதவு மாட்டியாகிவிட்டது. கைப்பிடி பின்னால் வரும், இப்போதைக்கு வெளியில் ஒரு கொண்டியும் நாதாங்கியும் போடுங்கள் என்று மிஸ்திரியிடம் சொன்னேன். நான்தான் சொன்னேன். அவர், "உள்ளே ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, வெயில் 42 டிகிரி. காகாவின் பேத்திக்கு ஐந்து வயது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு 'சின்ன வீட்டுக்குள்' விளையாடப் போயிருக்கிறாள். கூட விளையாடிய பையன் கதவைச் சாத்திக் கொண்டியை நாதாங்கியில் போட்டுவிட்டு, கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டான். ஜன்னல் கண்ணாடி இன்னும் வரவில்லை என்று ஓட்டைகளையும் பலகையால் அடைத்திருந்தோம். பத்து நிமிஷம் இருக்கும். தங்கமணி துணி காயப்போட மாடிக்குப் போனபோது தட்டுகிற சத்தம் கேட்டது. குழந்தை வேர்த்துக் கொட்டி, அழுது, குரல் போயிருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. காகா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் வங்கிக்காரன். தினம் சாயந்திரம் லாக்கர் அறையைப் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே போய், மூலையெல்லாம் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். யாருமே இல்லை என்று தெரிந்தாலும் குரல் கொடுப்பேன், புது கிளார்க்குகள் சிரிப்பார்கள். அந்த நான்தான் ஒரு பெட்டி செய்து அதற்கு வெளியில் மட்டும் கொண்டி வைத்திருக்கிறேன்.

சக்கரத்தின் மேல் ஓடும் பெட்டிக்கு வெளிப்பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருக்கிறது, டிரெய்லருக்கெல்லாம் ரொம்ப முன்னால், ரயிலில். 1842 மே 8-ஆம் தேதி வெர்சாயில் அரசரின் விழா பார்த்துவிட்டு ஜனங்கள் பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மெதோன் அருகே முன் எஞ்சினின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. அந்தக் காலத்தில் பிரயாணிகள் தவறி விழக்கூடாது என்று பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவது வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்டார்க்டிகா வரை கப்பலில் போய் வந்த ட்யூமோன் டுர்வில் தன் மனைவி, மகனோடு அதில் எரிந்துபோனார். அதற்குப் பிறகுதான் பிரான்சில் அந்தப் பூட்டும் வழக்கத்தைக் கைவிட்டார்கள். பூட்டியது கெட்ட எண்ணத்தில் இல்லை, பாதுகாப்புக்காக என்பதுதான் என்னை உலுக்கியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய ஃப்ரிட்ஜ்களில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தாழ் இருந்தது. தூக்கிப்போட்ட ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் அமெரிக்காவில் தொடர்ந்து இறந்தார்கள். கடைசியில் 1956-இல் சட்டமே போட்டார்கள், உள்ளிருந்து திறக்க முடியாத வீட்டு ஃப்ரிட்ஜை விற்கக்கூடாது என்று. 1958 அக்டோபர் கடைசிக்குப் பிறகு செய்தவைக்கு அது கட்டாயம். கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டு மனையில் ஞாயிற்றுக்கிழமை ப்ளைவுட் அறுக்கிற என்னை மாதிரி ஆளைக் கேட்க யார் இருக்கிறார்கள்? கவனித்துப் பார்த்தால், பழைய டியர்டிராப்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கதவு உண்டு. ஒருவரை ஒருவர் தாண்டாமல் இறங்கவும், காற்று வரவும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று சிக்கிக்கொண்டால் இன்னொன்று என்பதும் அதில் இருக்கிறது.

மறுநாள் லீவு போட்டேன். மிஸ்திரி கொண்டியைக் கழற்றினார். அதன் இடத்தில், வெளியில் சாவி போட்டுப் பூட்டினாலும் உள்ளே கைப்பிடியைத் திருப்பினால் திறந்துவிடுகிற பூட்டு. கைப்பிடியை அவர் வழக்கமான உயரத்தில் வைக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி, படுக்கை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எட்டுகிற மாதிரி இறக்கி வைத்தோம். வலதுபுறச் சுவரிலும் ஒரு கதவு வெட்டச் சொன்னேன். பட்ஜெட்டில் நாலாயிரம் எகிறியது. தங்கமணி ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து காகாவே பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் பயந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பையன் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, திறந்து காட்டினான். அப்புறம் நான் போய்த் திறந்து காட்டினேன். நாலாவது தரம் அவளே போனாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் சாத்தினாள். உடனே திறந்தாள். சிரித்தாள். அதற்கப்புறம் சாப்பாட்டு நேரம் வரை இந்தக் கதவில் போய் அந்தக் கதவில் வந்துகொண்டிருந்தாள்.

பின்பக்கச் சமையல் மூடிக்கு என்ன கீல் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நீள பியானோ கீல் போட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், அடுப்பு வைக்கிற இடமெல்லாம் குளம். மிஸ்திரி அடுத்த வாரம் வருகிறார்.